மாஸ்ட்ரிக்ட் காபிஷாப்பும் என் மழைக்கோட்டும்

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகருக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து இறங்கும் நம்மாட்கள் முதல் மாதத்தில் என்னிடம் இரண்டு கேள்வி கேட்பார்கள். இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்பது ஒன்று. இரண்டாவதைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "அண்ணா, அந்தக் காபிஷாப்புக்கு நாமும் போகலாமா?" அரிசிக்கு உடனே வழி சொல்லிவிடுவேன். இரண்டாவதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தாலே என் மழைக்கோட்டு ஞாபகம் வந்து எரிச்சலாகிவிடுகிறது. அதனால்தான் ஒரே தடவையாக எழுதிவைக்கிறேன். ஒழுக்கம் போதிக்க வரவில்லை. நானும் எப்போதாவது போகிறவன்தான்.

காபி கிடைக்கும் என்று நம்பி அப்பாவை உள்ளே கூட்டிப்போன கதையை ஆளாளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள், அதை விடுங்கள். காபி வேண்டுமென்றால் கஃபேக்குப் போங்கள். பலகையில் 'காபிஷாப்' என்று சேர்த்து ஒரே சொல்லாக எழுதியிருந்தால் அது கஞ்சாக் கடை. உள்ளே காபியும் தருவார்கள். மெஷின் காபி. கும்பகோணத்துக்காரனான எனக்கு அதைக் காபி என்று சொல்லவே மனசு வராது. மது கிடையாது, அதை விற்க அவர்களுக்கு அனுமதி இல்லை.

முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஹெடோஹன். இரண்டு 'ஹ'வையும் தொண்டையில் மீன் முள் சிக்கியது போலச் சொல்ல வேண்டும். அர்த்தம் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான், கண்டும் காணாமல் இருப்பது. 'வண்டி நிறுத்தாதீர்' பலகைக்குக் கீழேயே நம் ஊரில் நாற்பது பைக் நிற்குமே, அதுபோல. ஆனால் இங்கே கண்டும் காணாமல் இருப்பதற்கே எழுதிய விதிகள் உண்டு. நெதர்லாந்தில் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டது என்று நினைத்துக்கொண்டுதான் எல்லாரும் வருகிறார்கள். அது தப்பு. 1976-இல் ஓபியச் சட்டத்தைத் திருத்தி, ஹெராயின், கொக்கெய்ன் போன்றவற்றை ஒரு பட்டியலிலும் கஞ்சா, அதன் பிசினான ஹஷீஷை இன்னொரு பட்டியலிலும் போட்டார்கள். இரண்டாம் பட்டியலும் தடை செய்யப்பட்ட பட்டியல்தான். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் கையில் 5 கிராம் வரை இருந்தால் வழக்குப் போடுவதில்லை, அவ்வளவுதான் சலுகை. கடையும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் விற்கக் கூடாது. விளம்பரம் செய்யக் கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தரக் கூடாது.

இதில் பெரிய வேடிக்கை பின்வாசல். கடைக்காரர் முன்வாசலில் விற்பதைக் கண்டுகொள்ள மாட்டார்கள், அதே சரக்கைப் பின்வாசலில் அவர் மொத்தமாக வாங்கினால் குற்றம். சரக்கு வானத்திலிருந்து விழுந்த மாதிரிதான் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். இப்போது பத்து நகராட்சிகளில் அதை மாற்றிப் பார்க்கும் சோதனைத் திட்டம் நடக்கிறது, மாஸ்ட்ரிக்டும் அதில் ஒன்று. 2025 ஏப்ரல் 7 முதல் இங்குள்ள கடைகள் அரசு உரிமம் பெற்ற பண்ணைகளின் கஞ்சாவைத்தான் விற்க வேண்டும். சீல் வைத்த பாக்கெட், அதன்மேல் டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) எத்தனை சதவீதம் என்ற லேபிள், டச்சு மொழியில் எச்சரிக்கை. இந்த லேபிளை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

சரி, கடைக்குள் போக என்ன வேண்டும்? ஆம்ஸ்டர்டாமில் சுற்றுலாவுக்கு வந்தவரும் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு நுழையலாம். இங்கே முடியாது. பெல்ஜியம், ஜெர்மனி இரண்டும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால், வார இறுதியானால் காரில் வந்து குவிந்த கூட்டத்தில் ஊர்க்காரர்கள் நொந்துபோனார்கள். 2012-இலிருந்து நெதர்லாந்தில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்று விதி வந்தது. இங்கே வசிக்காதவரைத் தடுப்பது செல்லுமா என்று ஒரு மாஸ்ட்ரிக்ட் கடைக்காரர் தொடர்ந்த வழக்கில், செல்லும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010 டிசம்பரிலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆகவே வாசலில் அடையாள அட்டையும், நகராட்சிப் பதிவு நகலும் கேட்பார்கள். என்னிடம் இரண்டையும் கேட்டார்கள்.

பதிவு எப்படி என்று நீட்ட மாட்டேன். நான்கு மாதத்துக்கு மேல் தங்க வந்தவர் வந்த ஐந்து நாளுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். அங்கே நேரம் கிடைப்பதற்குள் பொறுமை போய்விடும், ஊரிலிருந்தே முன்பதிவு செய்துவிடுங்கள். வீட்டு ஒப்பந்தம், பாஸ்போர்ட், முறைப்படி சான்றொப்பம் பெற்ற பிறப்புச் சான்றிதழ். பதிந்தால் பிஎஸ்என் என்ற அரசு அடையாள எண் வரும், அந்த எண் இருந்தால்தான் சம்பளம், காப்பீடு எல்லாம் நகரும். காபிஷாப் அந்த வரிசையில் கடைசிக் கவலையாக இருக்கட்டும்.

அந்தப் பதிவு வருவதற்குள் அவசரப்பட்டு, தெருவில் பக்கத்தில் வந்து முணுமுணுக்கும் ஆட்களிடம் வாங்காதீர்கள். கடைவாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களைக் குறிவைத்துத்தான் அவர்கள் சுற்றுகிறார்கள். தெரு வியாபாரத்தை இங்கே யாரும் கண்டும் காணாமல் விடுவதில்லை. பொட்டலத்துக்குள் என்ன இருக்கும் என்பதற்கும் யாரும் பொறுப்பில்லை.

கடைக்குள் பயப்பட ஒன்றும் இல்லை. நம் ஊரில் கஞ்சா என்றால் பொட்டலம், கேஸ், குண்டாஸ் என்று மூன்று சொல்தான் நமக்குத் தெரியும். இங்கே கவுன்டரில் மெனு அட்டை இருக்கும், மருந்துக்கடை அக்கா மாதிரி ஒருவர் நிற்பார். முதல் தடவை என்றால் முதல் தடவை என்றே சொல்லுங்கள், குறைந்த டிஎச்சி உள்ளதாகப் பார்த்துத் தருவார்கள். நம் பசங்களுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கௌரவம் இடம் கொடுக்காது. பெரிய எண்ணைக் காட்டி வாங்கிவிட்டு அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். புகையிலை கலந்து சுருட்டியதை உள்ளே பிடிக்கக் கூடாது. 2008 ஜூலையிலிருந்து காபிஷாப்புக்கும் புகையிலைத் தடை உண்டு. வேறு ஊரில் யாராவது கஞ்சா போட்ட கேக்கை நீட்டினால் கவனம். ஒரு மணி நேரம் ஒன்றுமே தெரியாது, ஏமாற்றிவிட்டார்கள் என்று இன்னொரு துண்டு தின்போம், அப்புறம் இரண்டும் சேர்ந்து தூக்கி அடிக்கும்.

இப்போது மழைக்கோட்டு.

என் சித்தி மகன் எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியில், ஆஹன் நகரில் படிக்கிறான். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாஸ்ட்ரிக்ட் ரயில் நிலையத்திலிருந்து 350-ஆம் எண் பஸ் கிளம்பி, ஃபால்ஸ் என்ற எல்லை ஊர் வழியாக நேரே ஆஹனுக்குப் போகும். மாதத்துக்கு ஒரு ஞாயிறு அதில் ஏறி வந்துவிடுவான். நான் சாம்பார் வைப்பேன், அவன் அம்மா வைப்பது போல இல்லை என்று சொல்லிக்கொண்டே மூன்று தட்டுச் சாப்பிடுவான். தம்பிக்கு சிகரெட் வாடைகூட ஆகாது. காபிஷாப் பக்கம் அவன் தலைவைத்துப் படுத்ததில்லை. படுக்க நினைத்தாலும் ஜெர்மனியில் வசிப்பவனை இங்கே உள்ளே விட மாட்டார்கள்.

அன்றைக்குக் கிளம்பும்போது நல்ல மழை. அவன் ஒரு மெல்லிய சட்டையோடு வந்திருந்தான். ஆணியில் தொங்கிய என் மழைக்கோட்டை எடுத்துக் கொடுத்து, "போட்டுக்கிட்டுப் போடா, அடுத்த மாசம் கொண்டா" என்றேன். பர்ஸை அதன் உள்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓடிப்போய் பஸ் பிடித்தான்.

அந்த உள்பாக்கெட்டில், மூன்று வாரத்துக்கு முன்னால் நான் வாங்கி மறந்துபோன ஒரு ஜாயின்ட், அதாவது கஞ்சா சுருட்டு, இருந்தது. ஒரே ஒன்று. விரல் நீளப் பிளாஸ்டிக் குழாய், உடைக்காத சீல்.

2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. எல்லா நாளும் எல்லா பஸ்ஸையும் நிறுத்துவதில்லை. அன்றைக்கு நிறுத்தினார்கள். எல்லையைத் தாண்டியதும் இரண்டு போலீஸ்காரர்கள் ஏறி அடையாள அட்டை கேட்க, தம்பி நல்ல பிள்ளையாக பர்ஸை இழுத்தான். பர்ஸோடு அந்தக் குழாயும் வெளியே வந்து, கீழே விழுந்து, பஸ் தரையில் உருண்டு முன்சீட்டுக்கு அடியில் போய் நின்றது. அது என்னவென்றே அவனுக்குத் தெரியாது. பேனா என்று நினைத்துக் குனிந்து எடுத்து, பாக்கெட்டில் போட்டுக்கொள்ளப் பார்த்திருக்கிறான்!

ராத்திரி எட்டு மணிக்குப் போன். "அண்ணா, பச்சை லேபிள் ஒட்டின ஒரு டியூப், உங்களோடதா?" எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

இந்த இடத்தைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயதுவந்தவர் வெளியே 25 கிராம் வரை கையில் வைத்திருக்கலாம். அங்கே அது சட்டப்படியே சரி, நெதர்லாந்தைவிடத் தாராளம். இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் இருபத்தைந்து, என் பாக்கெட்டில் இருந்ததோ ஒரு கிராம்கூட இல்லை. ஆனால் எல்லைக் கோட்டைத் தாண்டிய அந்த நொடியில் அதற்குப் பெயர் இறக்குமதி. அதை அவர்களுடைய புதிய சட்டமும் தடை செய்தே வைத்திருக்கிறது, மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் என்று. டச்சுக்காரர்களின் சலுகையும் ஏற்றுமதிக்குப் பொருந்தாது. தம்பி வாங்கியது ஆஹனிலேயே என்று வாதாடக்கூட வழியில்லை. குழாயில்தான் டச்சு மொழியில் எல்லாம் அச்சடித்திருக்கிறதே. பழைய காலத்துப் பிளாஸ்டிக் பையாக இருந்திருந்தால் எங்கே வாங்கியது என்று கேள்வியாவது எழுந்திருக்கும்.

ஒரு மணி நேரம் உட்கார வைத்து, எழுதிக்கொண்டு, குழாயை எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்களாம். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அப்போதுதான் எங்கள் இருவருக்கும் தூக்கம் போனது, ஏனென்றால் அவனுடைய விசா நீட்டிப்பு அடுத்த மாதம். விண்ணப்பத்தில், உங்கள்மீது விசாரணை எதுவும் நடக்கிறதா என்று ஒரு வரி. ஆம் என்று டிக் போட அவன் கை ஓடவில்லை. இல்லை என்று பொய்யும் எழுத முடியாது. "நான் என்ன அண்ணா செஞ்சேன்?" என்று ஒருநாள் கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

கோட்டு என்னுடையது, குழாயும் என்னுடையது என்று நான் எழுதித் தருகிறேன் என்றேன். ஆஹன் வக்கீல் முதலில் வேண்டாம் என்றார், எழுதினால் உங்கள் பெயரில் ஒன்று தொடங்கலாம் என்று எச்சரித்தார். எழுதினேன். சித்தி முகத்தில் முழிக்க வேண்டுமே. நான்கு மாதம் கழித்து வழக்கைக் கைவிட்டார்கள், என்மேலும் எதுவும் வரவில்லை. வக்கீல் செலவு அறுநூறு யூரோ, நான் கட்டினேன். விசாவும் வந்தது. சித்திக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படிக்கும் கும்பகோணத்துக்காரர்கள் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.

பெல்ஜியத்துக்கும் இதே கதைதான். இங்கிருந்து அரை மணி நேரம் சைக்கிள் மிதித்தால் அந்த நாடு வந்துவிடும், நடுவில் ஒரு பலகையைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது. ஃபால்ஸில் மூன்று நாடும் சந்திக்கும் மலை உச்சி இருக்கிறது, 322 மீட்டர், ஊரிலிருந்து யார் வந்தாலும் போட்டோ எடுக்கக் கூட்டிப்போவோம். பாக்கெட்டில் ஒன்றோடு அங்கே போய், கல்லைச் சுற்றி ஓர் ஆட்டம் போட்டால் இரண்டு நாட்டுக்குள்ளும் இறக்குமதி செய்தாயிற்று.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். 2017 ஜூலையிலிருந்து டச்சு போலீஸ் சாலையிலேயே எச்சில் சோதனை செய்கிறது. ஒரு லிட்டர் ரத்தத்தில் 3 மைக்ரோகிராம் டிஎச்சி என்பது வரம்பு, மதுவும் சேர்ந்தால் 1 மைக்ரோகிராம். வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான 30 சதவீத வரிச்சலுகை பெற்று வந்தவர்கள் இந்திய உரிமத்தைத் தேர்வு இல்லாமலே மாற்றி வாங்கியிருப்பீர்கள். அது பறிபோனால் மறுபடி அவ்வளவு சுலபமாக வராது. இழுத்த அன்று சைக்கிளும் வேண்டாம், கால்வாய் பக்கம் நடந்தே வாருங்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன் பெட்டியை மட்டும் அல்ல, போட்டிருக்கும் துணியின் ஒவ்வொரு பாக்கெட்டையும் உதறுங்கள். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் ஒரே ஒரு ஜாயின்ட்டுக்கும் பொருந்தும். வளைகுடா வழியாக விமானம் மாறுகிறவர்களுக்கு நான் சொல்லவே தேவையில்லை. சிங்கப்பூர் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இந்தக் கடைகளின் பக்கமே போக வேண்டாம். அவர்கள் வெளிநாட்டில் இழுத்தாலும் அவர்கள் நாட்டுச் சட்டப்படி குற்றம்தான்.

கோட்டை அவன் அடுத்த மாதமே திருப்பிக் கொண்டுவந்தான், துவைத்து, இஸ்திரி போட்டு. கூடவே சித்தி யாரிடமோ கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலம், என் பேர் எழுதியது. மழை இன்னும் விடவில்லை, போகும்போது மறுபடி கோட்டை நீட்டினேன். வேண்டாம் அண்ணா, குடை இருக்கிறது என்றான். அன்று ராத்திரி ஊசி நூல் எடுத்து அந்த உள்பாக்கெட்டின் வாயைத் தைத்து மூடிவிட்டேன்.