ஃபோந்தேன்புளோ காட்டில் ஒரு நாள்: நீலக் கோடு பார்த்து அரண்மனை வரை

பாரிஸில் இருந்துகொண்டு, கார் இல்லாமல், காட்டுக்குள்ளும் நடக்க வேண்டும், பழைய அரண்மனை ஒன்றையும் பார்க்க வேண்டும், எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் யோசிக்காமல் சொல்வது ஃபோந்தேன்புளோ. காடு, பாறை, அரண்மனை எல்லாம் ஒரே நாளில், ஒரே ரயிலில். வெர்சாய் அரண்மனையை விட எனக்கு இதுதான் பிடிக்கும். பிரான்சில் நடைப்பயணம் எப்படி என்று கற்றுக்கொள்ளவும் இதைவிட நல்ல இடம் கிடையாது, ஏனென்றால் மரத்தில் வண்ணம் பூசி வழி காட்டும் பழக்கமே இந்தக் காட்டில்தான் வேர்விட்டது.

ரயில்

கார் து லியோன் நிலையத்திலிருந்து ஆர் லைன், சுமார் 40 நிமிடம். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பக்கம் இருப்பவர்கள் கார் து நோர் நிலையத்தில் ஆர்.இ.ஆர். டி என்ற புறநகர் ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கார் து லியோன். 2025 ஜனவரியிலிருந்து பாரிஸ் வட்டாரம் முழுக்க ரயிலுக்கு ஒரே கட்டணம் ஆகிவிட்டது, அப்போது 2.50 யூரோ என்று வைத்தார்கள், ஆண்டுக்கொரு முறை கொஞ்சம் ஏறும். நவிகோ ஈசி என்ற பயண அட்டையில் திரும்பி வரும் டிக்கெட்டையும் பாரிஸிலேயே ஏற்றிவிடுங்கள். மாலையில் அரண்மனையிலிருந்து நிலையத்துக்குத் திரும்பும் பஸ்ஸுக்குத் தனி டிக்கெட், அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் போகிறவர்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. காலையில் பாரிஸிலிருந்து வரும் சில ரயில்கள் ஃபோந்தேன்புளோ ஃபொரே என்ற சின்ன நிறுத்தத்தில் நிற்கும். ஊர் கிடையாது, கடை கிடையாது, பிளாட்ஃபாரத்தை விட்டு இறங்கினால் நேராகக் காடு. ஆனால் அங்கே இறங்கத்தான் முடியும், திரும்பி வர அங்கே ரயில் நிற்காது. எந்த ரயில் நிற்கிறது என்று முந்தின நாள் நேரப்பட்டியலில் பார்த்துவிடுங்கள். வார நாள் என்றால் அடுத்த நிலையமான ஃபோந்தேன்புளோ-அவோனில் இறங்கி நடக்க ஆரம்பிக்கலாம், பெரிய வித்தியாசம் இல்லை.

வரைபடம்

பிரான்சின் அரசு வரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் 2417 ஓ.டி. என்ற காகித வரைபடத்தை வாங்குங்கள். தரையில் 250 மீட்டர் அதில் ஒரு சென்டிமீட்டர். போனில் ஐ.ஜி.என். செயலி இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் இந்தக் காட்டில் நூறு பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும்போது ஐந்து அங்குலத் திரையில் எதுவும் பிடிபடாது. காகிதத்தை விரித்துத் தரையில் வைத்தால் காடு முழுவதும் ஒரே பார்வையில் கிடைக்கும். இன்னொரு காரணமும் உண்டு: காடு எண்ணிட்ட துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்கள் வரைபடத்திலும் இருக்கும், காட்டுக்குள் துண்டுகளின் ஓரத்திலும் இருக்கும். காலில் அடிபட்டு அவசர உதவி எண்ணான 112-ஐ அழைக்க வேண்டி வந்தால், பக்கத்திலுள்ள எண்ணைச் சொல்லுங்கள்.

வண்ணங்களைப் படிப்பது: இங்கேதான் எல்லோரும் தடுமாறுவார்கள்

வெள்ளைக்குக் கீழே சிவப்பு என்றால் அது ஜி.ஆர்., நாட்டின் நெடுந்தூரப் பாதை. தனி மஞ்சள் உள்ளூர்ப் பாதை. எந்த வண்ணமாக இருந்தாலும் பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று அர்த்தம். இவ்வளவும் பிரான்ஸ் முழுக்கப் பொது.

ஃபோந்தேன்புளோவுக்கே உரியது நீலம். குளோத் ஃபிரான்சுவா தெனகூர் என்று ஒருவர், நெப்போலியன் படையில் இருந்த பழைய சிப்பாய். 1842-இல் தொடங்கி, தன் சொந்தக் காசைச் செலவழித்து, பாறை இடுக்குகளில் நுழைந்து நெளிந்து போகும்படி இந்தப் பாதைகளை ஒவ்வொன்றாக வகுத்தார். குறி பூசிய நடைபாதைகளில் உலகத்திலேயே முதலில் வந்தவை இவை என்று சொல்வார்கள். அவருக்குப் பிறகு கோலினே என்பவர் தொடர்ந்தார். இன்றைக்கும் அந்த நீலக் கோடுகளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். நடுநடுவே ஒரு நீல எழுத்தோ நட்சத்திரமோ தெரிந்தால் நின்று சுற்றிப் பாருங்கள். ஒரு குகையோ, முதிய மரமோ, காட்சி முனையோ இருக்கும்.

சரி, சிக்கல் எங்கே என்றால், இதே காடு பாறையேறிகளுக்கும் உலகப் புகழ் பெற்றது. அவர்களுடைய சுற்றுகளுக்கும் பாறைமேல் வண்ணம் பூசியிருக்கும்: மஞ்சள் சுலபம், ஆரஞ்சு அதற்கு மேல், அப்புறம் நீலம், சிவப்பு. ஆக நீலம் இரண்டு வகை. ஒரு நீலத்தைப் பின்தொடர்ந்து போனால் அடுத்த குறி இரண்டு ஆள் உயரப் பாறையின் உச்சியைக் காட்டும், அதற்கடுத்தது இன்னொரு பாறைக்கு.

பிரித்துப் பார்ப்பது இப்படி. நடப்பவர்களுக்கான நீலம் படுக்கைவாட்டில் ஒரு குட்டிக் கோடு, பெரும்பாலும் மரத்தில், கண் மட்டத்தில், பாதையில் வருகிறவரைப் பார்த்தபடி இருக்கும். ஏறுபவர்களுக்கான நீலம் அம்புக்குறி, பக்கத்தில் ஓர் எண், எப்போதும் பாறையில்தான், மரத்தில் வராது. நடைபாதைக் கோடும் சில இடங்களில் பாறையில் வரும், அதனால் 'பாறையில் இருக்கிறதா' என்று பார்ப்பது போதாது; கோடா அம்பா என்று பாருங்கள். பாறைக்கூட்டத்துக்குள் நுழையும்போது என் வழக்கம்: ஒரு கோட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு அடுத்த கோட்டைக் கண்ணால் பிடித்த பிறகுதான் நகர்வேன். மூன்று நான்கு நிமிடம் நடந்தும் கோடு வரவில்லையென்றால், முன்னால் தேடாமல், கடைசியாகப் பார்த்த கோட்டுக்கே திரும்புவேன். தெனகூரின் பாதை நேராகப் போகவே போகாது. அகலமான வழி நேரே ஓடும்போது நீலம் மட்டும் சட்டென்று பக்கவாட்டில் ஓர் இடுக்குக்குள் நுழைந்திருக்கும், அதைத்தான் தவறவிடுவோம்.

நடை

ஃபொரே நிறுத்தத்திலிருந்து நீலத்தைப் பிடித்துத் தெனகூர் கோபுரத்துக்கு ஏறுங்கள். 1851-இல் அவரே எழுப்பியது, 1853-இல் மூன்றாம் நெப்போலியன் வந்து பார்த்தார். மேலிருந்து பார்த்தால் நாலா பக்கமும் காடுதான், 17,000 ஹெக்டேருக்கு அருகில். பிறகு தெற்கே குரோவா து கல்வேர் என்ற சிலுவை முனை வழியாக இறங்கினால் ஊர், ஊரைத் தாண்டி அரண்மனை. மொத்தம் பத்து கிலோமீட்டருக்குள் முடியும், ஆனால் சாதாரண நடைக்கணக்கு இங்கே செல்லாது. சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது, அந்தக் கடல் மணல்தான் காலுக்குக் கீழே. கணுக்கால் வரை புதையும் இடங்கள் உண்டு. மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் மணற்கல் பயங்கரமாக வழுக்கும், ஈரப் பாறையில் தாவாதீர்கள். காட்டுக்குள் குடிதண்ணீர் கிடைக்காது, ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். நெருப்பு மூட்டவே கூடாது, சிகரெட்டும் சேர்த்துத்தான்.

வழியில் பெரிய ஓக் மரங்களைப் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள். பார்பிசோன் கிராமத்தில் தங்கி இந்தக் காட்டை வரைந்த தெயோதோர் ரூஸோ போன்ற ஓவியர்கள், பழைய மரங்களை வெட்டக் கூடாது என்று போராடினார்கள். அதன் பலனாக 1861-இல் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் அரசாணை போட்டுக் காப்பாற்றினார்கள், அதுவும் இயற்கை அழகுக்காகவே. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்கா வருவதற்குப் பதினொரு ஆண்டு முன்பு. எனக்கு அரண்மனையை விட இந்த விஷயம்தான் பெரிது.

அரண்மனை

செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், அதை மனத்தில் வைத்து நாளைத் தேர்ந்தெடுங்கள். காட்டைக் காலையிலும் அரண்மனையை மதியத்துக்கு மேலும் வையுங்கள்; மாற்றிச் செய்தால் காட்டுக்குள் இருட்டிவிடும், குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே. நுழைந்ததும் எதிரே குதிரை லாட வடிவப் படிக்கட்டு. 1814 ஏப்ரல் 20 அன்று நெப்போலியன் தன் காவல் படையிடம் விடைபெற்றது இந்த முற்றத்தில்தான். உள்ளே எல்லா அறைகளையும் பார்க்க நினைத்தால் கால் தாங்காது. இரண்டு போதும்: முதலாம் ஃபிரான்சுவாவின் நீண்ட கூடம், அப்புறம் நெப்போலியனின் அரியணை அறை. கூடத்தில் சுவரோவியங்களை அண்ணாந்து பார்ப்பதோடு விடாமல் கீழே மரப்பலகைகளையும் பாருங்கள், எஃப் என்ற எழுத்தும் அந்த மன்னரின் சின்னமான சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியும் செதுக்கியிருக்கும். பூங்காவுக்கு டிக்கெட் வேண்டாம். நான்காம் ஹென்றி வெட்டிய ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட கால்வாய் அங்கேதான், காலை நீட்டி உட்கார அருமையான இடம். ஃபோந்தேன்புளோ-அவோன் ரயில் நிலையத்துக்கு அரண்மனைப் பக்கத்திலிருந்து பஸ் உண்டு.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டுப் போனவர்கள் கேட்ட இரண்டு விஷயம். ஒன்று, வேட்டை. இலையுதிர்காலத்திலிருந்து பிப்ரவரி வரை சில நாட்களில் காட்டின் சில பகுதிகளில் வேட்டை நடக்கும். வனத்துறையான ஓ.என்.எஃப். தேதிகளை முன்கூட்டியே வெளியிடும். வழியில் எச்சரிக்கைப் பலகை நின்றால் அந்தப் பாதையை விட்டுவிட்டு வேறு பக்கம் போங்கள்.

இன்னொன்று உண்ணி. இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை புல்லிலும் பெரணிப் புதரிலும் இருக்கும், கசகசா அளவுதான், லைம் நோயைப் பரப்பக்கூடியது. முழுக்கால்சட்டை போட்டு, அதன் கீழ்முனையைக் காலுறைக்குள் சொருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் காதுக்குப் பின்னாலும் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய், ஸ்பிரிட் எதுவும் ஊற்றாதீர்கள். எந்த மருந்துக்கடையிலும் தீர்-தீக் என்று கேட்டால் பிளவுபட்ட முனையுள்ள சின்னப் பிளாஸ்டிக் கொக்கி தருவார்கள். தோலோடு ஒட்டி உள்ளே நுழைத்து, மெதுவாகச் சுழற்றினால் முழுசாக வந்துவிடும். பிறகு கிருமிநாசினி போட்டு, கடித்த இடத்தை ஒரு மாதம் கவனியுங்கள். சிவந்த வட்டம் பரவிக்கொண்டே போனால் வலி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் போய், எந்தத் தேதியில் காட்டுக்குப் போனீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.