பீக்கரிலிருந்து தொட்டிக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலிருந்து ஏற்காடு அடிவாரம் பக்கமோ ஓமலூர் பக்கமோ போனால் வெள்ளைக்கல் வெட்டிய மேடுகள் வெளுத்துத் தெரியும். புத்தகத்தில் மேக்னசைட். உலைகளுக்கான தீச்செங்கல் செய்ய இந்தக் கல்தான் போகிறது. இதையே பொடித்து, நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டால் எப்சம் உப்பு கிடைக்கும். மஞ்சளுக்கும் தென்னைக்கும் வாங்கிப் போடுகிறோமே, அந்த மக்னீசியம் சல்பேட். பள்ளிக்கூட வேதியியல்தான். ஆனால் இவ்வளவு எளிய வினையே பெரிய தொட்டிக்கு வரும்போது வேறு ஆளாகிவிடுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறு ஆலையில் நடந்தது இது. ஒரு லிட்டர் பீக்கரில் பத்து முறை செய்து பார்த்தோம், பத்து முறையும் சரியாக வந்தது. ஆயிரம் லிட்டர் தொட்டியில் டிசம்பர் மாதத்து திங்கள் காலையில் ஆரம்பித்தோம். கல்பொடியைக் கொட்டினால் நுரையே இல்லை. வினை மந்தம் என்று நினைத்து இன்னும் கொட்டினோம். முக்கால் மணி நேரத்தில் தொட்டி சூடேறி, நுரை விளிம்பு தாண்டி, அமிலத்தோடு தரையில் ஓடியது. யாருக்கும் காயம் இல்லை, அது அதிர்ஷ்டம்.

காரணம் பிறகுதான் புரிந்தது. பீக்கரில் அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றியதும் பயன்படுத்தினோம். நீர்க்கும்போது வந்த சூடு அதில் இருந்தது. தொட்டியிலோ சனிக்கிழமையே கலந்து வைத்த அமிலம், ஆறிப்போயிருந்தது. வெள்ளைக்கல் குளிர்ந்த அமிலத்தில் மெதுவாகத்தான் கரையும், சூட்டில் வேகமெடுக்கும். நாங்கள் கொட்டியதெல்லாம் வினைபுரியாமல் அடியில் காத்திருந்தது. ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று மேலும் போடுவதைத்தான் நான் முதல் தவறு என்பேன். நுரை வராவிட்டால் கையை நிறுத்துங்கள், வெப்பமானியைப் பாருங்கள். ஸ்டிரர் (தொட்டியைக் கலக்கும் துடுப்பு) நின்றிருந்தாலும் இதே கதைதான். நின்ற ஸ்டிரரைத் திடீரென்று ஓடவிடுவது இன்னும் மோசம்.

அடுத்தது கணக்கு. கொள்ளளவு ஆயிரம் மடங்கானால், அதே வடிவத் தொட்டியின் பரப்பு நூறு மடங்குதான் கூடும். ஒவ்வொரு லிட்டருக்கும் சூட்டை வெளியேற்றக் கிடைக்கும் சுவர் பத்தில் ஒரு பங்காகிவிடும். வாயு வெளியேறும் மேற்பரப்புக்கும் இதே கணக்கு, அதனால் நுரை பத்து மடங்கு வேகமாக ஏறும். பீக்கரில் 20 நிமிடத்தில் போட்ட பொடிக்குத் தொட்டியில் 200 நிமிடமாவது கொடுக்க வேண்டும். தொட்டியில் பாதியைக் காலியாகவும் விட வேண்டும். ‘ஒரு ஷிப்டே போய்விடுமே’ என்பார்கள். போகட்டும், வழிந்த தொட்டியைக் கழுவ இரண்டு ஷிப்ட் போகும்.

அந்த வாயு கரியமில வாயு என்பதையும் மறக்கக் கூடாது. 100 கிலோ சுத்தமான கல் ஏறக்குறைய 29 கன மீட்டர் வாயுவை விடும். மூன்று மீட்டர் நீள அகல உயரம் உள்ள அறை நிரம்பிவிடும். காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். தொட்டிக்குப் பக்கத்துக் குழியில் வால்வு திருக இறங்குபவரை நினைத்தால் எனக்கு இன்றும் பதறும். காற்றோட்டம் வைக்காமல், வாயுவை அளந்து பார்க்காமல் யாரையும் இறக்காதீர்கள்.

இது சின்ன ஆலைகளின் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் ஜாக்சன்வில் நகரின் டி2 லேபரட்டரீஸில் ஒரு பெட்ரோல் சேர்மானத்தை ஒரு லிட்டர் கண்ணாடிக் கலனில் செய்து பார்த்துவிட்டு, நடுவில் பைலட் கட்டம் (இடைப்பட்ட அளவில் சோதித்துப் பார்ப்பது) இல்லாமல், 9,000 லிட்டருக்கு மேற்பட்ட ரியாக்டருக்குப் போனார்கள். 2007 டிசம்பரில், 175ஆவது பேட்சின்போது குளிர்விப்பு கைவிட்டது, மாற்று ஏற்பாடு இல்லை. ரியாக்டர் வெடித்து 4 பேர் இறந்தார்கள். முன்பு 174 பேட்ச் எடுத்திருந்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சரி, செலவில்லாமல் என்ன செய்யலாம்? தொட்டியைப் போல பீக்கரை நடத்துங்கள். ஆய்வகத்தில் சுத்த அமிலமும் வாலை வடிநீரும் வைத்து அழகான முடிவு எடுப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. ஆலைக்கு வருவது வணிகத்தர அமிலம், போர் தண்ணீர், சுண்ணாம்பும் சிலிக்காவும் கலந்த கல். அந்தச் சுண்ணாம்பு ஜிப்சமாக மாறி ஃபில்டர் துணியை அடைக்கும். பீக்கரில் ஐந்து நிமிடத்தில் வடிந்தது, துணி வழியே அழுத்தி வடிக்கும் ஃபில்டர் பிரஸ்ஸில் மணிக்கணக்கில் நிற்கும். அதனால் அதே கல், அதே தண்ணீர், ஆறிய அமிலம், 200 நிமிடம் என்று ஆய்வகத்திலேயே ஓட்டுங்கள். அப்புறம் ஐம்பது லிட்டர், அதற்குப் பிறகு தொட்டி. ஃபில்டரில் எட்டு மணி நேரம் நிற்கும் இடத்தில் பெரிய ரியாக்டர் வாங்கிப் பயனில்லை. பணத்தை ஃபில்டரில் போடுங்கள்.

கடைசியாக உலர்த்தல். எப்சம் உப்பின் எடையில் 51 சதவீதம் படிகத்துக்குள் இருக்கும் நீர். ஏப்ரல் வெயிலில் களத்தில் பரப்பினால் அந்த நீரும் போய், படிகம் மாவாகி, எடையும் குறையும். அவசரப்பட்டு ஈரத்தோடு, சூட்டோடு மூட்டை கட்டினால் கல்லாக இறுகும். நிழலில் காற்றோட்டமாக உலர்த்தி, ஆறிய பிறகு தைக்கச் சொல்கிறேன். முதல் பேட்சிலிருந்து இரண்டு மூட்டைகளைத் தகரக் கொட்டகையில் அடுக்கின் அடியில் போட்டு, ஒரு மாதம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு ஆர்டர் பிடிக்கலாம்.