மிச்சக் கணக்கு எத்தனையாவது ஸ்லைடில் இருக்கிறது?

விற்பனை வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளியிடம் தையல் மெஷின் மோட்டார் விற்கப் போயிருந்தேன். பழைய கிளட்ச் மோட்டார், டெய்லர் தைக்காமல் உட்கார்ந்திருந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் பெடலை மிதித்தால்தான் ஓடும், அதனால் கரண்ட் பில் குறையும். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். நான் கொண்டுபோனதோ 38 ஸ்லைடு. முதல் ஆறில் எங்கள் கம்பெனி வரலாறு, கிளைகளின் வரைபடம், எம்.டி. விருது வாங்கும் போட்டோ. ஏழாவதில் அவர் கையைத் தூக்கினார்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க தம்பி. ஒரு மெஷினுக்கு மாசம் எவ்வளவு மிச்சமாகும்?"

அந்தக் கணக்கு 31வது ஸ்லைடில் இருந்தது. வேகவேகமாகத் தள்ளினேன், தாண்டிப் போய்விட்டேன், திரும்பி வந்தேன். அதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது. ஆர்டர் வரவில்லை.

பிறகு பல மீட்டிங்குகளில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்ததில், பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு இதேதான் என்று தெரிந்தது. நமக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறோம். கேட்பவருக்கு வேண்டியது கடைசியில் கிடக்கிறது. இப்போதெல்லாம் லேப்டாப்பைத் திறக்கும் முன் ஒரு துண்டுத் தாளில் ஒரே வரி எழுதுகிறேன்: இவர் எழுந்து போகும்போது என்ன முடிவு எடுத்திருக்க வேண்டும்? அந்த வரி வராவிட்டால் ஸ்லைடு செய்ய உட்காருவதில்லை. வந்துவிட்டால் அதுதான் முதல் ஸ்லைடு. கம்பெனி வரலாறு கேட்டால் மட்டும்.

அடுத்தது தலைப்பு. "விற்பனை நிலவரம்" என்று மேலே போட்டுவிட்டுக் கீழே பன்னிரண்டு வரி அடுக்குவது. மதுரைக் கிளையில் மட்டும் விற்பனை சரிந்திருந்தால், அதையே தலைப்பாகப் போட என்ன தயக்கம்? கெட்ட சேதியைச் சின்ன எழுத்தில் கீழே தள்ளும் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் கிளம்பிய சுமார் 82 விநாடியில், வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் உள்ளே இருந்தார்கள். சேதத்தை ஆராய்ந்த போயிங் பொறியாளர்கள் நாசாவுக்குக் காட்டிய ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தால், பெரிதாகப் பயமில்லை என்ற தெம்புதான் வரும். அடியில், உள்ளே உள்ளே தள்ளிப்போன பொடி எழுத்து வரிகளில் இருந்தது சங்கதி: முன்பு நடந்த சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலத் துண்டு, இப்போது மோதியதாகக் கணக்கில் எடுத்தது 1,920 கன அங்குலம். 640 மடங்கு! பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் கலம் சிதறியது. விசாரணைக் குழு அந்த ஸ்லைடைத் தன் அறிக்கையிலேயே எடுத்துப்போட்டு, தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதிலாக ஸ்லைடை வைத்துப் பேசும் வழக்கத்தைக் கண்டித்தது. விபத்துக்கு ஸ்லைடு காரணமில்லை. ஆனால் அந்த 640 மடங்கு தலைப்பில் இருந்திருந்தால் அறையில் பேச்சே வேறு மாதிரி போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

திரையைப் பார்த்துக்கொண்டு வரிவரியாக வாசிப்பதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் உங்களைவிட வேகமாகப் படித்து முடித்துவிட்டு மொபைலை எடுத்துவிடும்.

தமிழில் ஸ்லைடு செய்பவர்களுக்கென்றே ஒரு வில்லங்கம் இருக்கிறது. நம் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிந்த எழுத்து, அவர்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகவோ, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகவோ நிற்கும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடில் அடிக்காமல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்து, அந்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் இது நடந்தே தீரும். யூனிகோடில் அடியுங்கள், கூடவே ஒரு பி.டி.எஃப். பிரதி பென்டிரைவில் இருக்கட்டும்.

மொழி விஷயத்தில் இன்னொன்று. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரும் தமிழில் யோசிப்பவர்கள், நாம் மட்டும் ஆங்கிலத்தில் திக்கித் திணறிக்கொண்டிருப்போம். மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் புரியாத இடத்தில் யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள், தலையை மட்டும் ஆட்டுவார்கள். ஸ்லைடு ஆங்கிலத்தில் இருந்தாலும் வாய் தமிழில் பேசலாம்.

கேள்விக்குப் பதில் தெரியாதபோது சுற்றி வளைப்பதும் உடனே பிடிபட்டுவிடும். "அந்தக் கணக்கு இப்போ கையில் இல்லைங்க சார், நாளைக்குக் காலைல அனுப்பறேன்" என்றால் யாரும் குறைவாக நினைப்பதில்லை. மறுநாள் காலையில் அனுப்பாவிட்டால்தான் நினைப்பார்கள்.

சரி, மீட்டிங்குக்கு வருவோம். ஒரு மணி நேரம் பேசிவிட்டு "பார்த்துடலாம்" என்று கலைந்து போவதுதான் இதில் பெரிய தவறு. நம் ஆபீஸ்களில் "சரி சார்" என்பதற்குக் குறைந்தது நான்கு அர்த்தம்: காதில் விழுந்தது, புரிந்தது, ஒத்துக்கொள்கிறேன், ஆளை விடுங்கள். எதைச் சொல்கிறார் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் கடைசி ஐந்து நிமிடத்தில் வேலையை நாம் சொல்லாமல், செய்ய வேண்டியவர் வாயாலேயே என்ன, என்றைக்கு என்று சொல்ல வைக்க வேண்டும்.

பேச வேண்டியதை அங்கே வந்து முதல்முறையாகக் கேட்பதும் நேரத்தைத் தின்னும். அமேசானில் 2004 முதல் மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பாயின்ட் கிடையாது. எழுதிக் கொண்டுவந்த குறிப்பை எல்லாரும் சத்தமில்லாமல் படித்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். குறிப்பு ஆறு பக்கம் வரை போகும். நம்மிடம் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு பக்கத்தை முந்தின நாள் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பாதிப் பேர் திறக்க மாட்டார்கள். ஆகவே நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகிறேன். டீ வந்து குடித்து முடிப்பதற்குள் படித்துவிடுகிறார்கள்.

முடிந்ததும், படியிறங்கும் முன்பே குரூப்பில் மூன்று வரி போட்டுவிடுவேன். போன வாரம் போட்டது இது: "சாம்பிள் மோட்டார் இரண்டு, நான், வியாழன் மாலை. மாட்டிப் பார்த்து ரீடிங் எடுப்பது, மெயின்டனன்ஸ் அண்ணன், அடுத்த புதன். விலை முடிவு, முதலாளி, தேதி சொல்லவில்லை." அரை மணி நேரத்தில் முதலாளியே தேதியைப் போட்டுவிட்டார்.