மின்வாகனக் குளிர்சாதனத்துக்குக் கம்ப்ரசரைத் தேர்ந்தெடுத்தல்

மின்வாகனத்தில், குளிர்பதனப் பொருளை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரைச் சுழற்றுவது பேட்டரியின் உயர் மின்னழுத்தத்தில் இயங்கும் மோட்டார் என்பதால், வாகனம் 400 வோல்ட் அமைப்பா, 800 வோல்ட் அமைப்பா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். பயணியர் அறையோடு பேட்டரியையும் அதே கம்ப்ரசர் குளிர்விப்பதாயின், விரைவு சார்ஜிங்கின்போது எழும் வெப்பத்தைச் சேர்க்காமல் கொள்ளளவைத் தீர்மானிப்பது பெருந்தவறு என்றே கருதுகிறேன். இரு சுருள் வடிவத் தகடுகளுக்கிடையே வாயுவை அழுத்தும், அதிர்வு குறைந்த ஸ்க்ரோல் வகை பெரும்பாலும் பொருந்தும். ஆர்-134ஏ, ஆர்-1234ஒய்எஃப் ஆகியவற்றுள் எந்தக் குளிர்பதனப் பொருளுக்கு உரியது என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

கம்ப்ரசரின் மசகு எண்ணெயில் மட்டும் சமரசமே கூடாது. மோட்டாரின் கம்பிச் சுருள்கள் எண்ணெயும் குளிர்பதனப் பொருளும் கலந்த சூழலிலேயே இயங்குவதால், உற்பத்தியாளர் குறிப்பிட்ட, மின்காப்புத் திறனுள்ள எண்ணெயை, அதாவது பெரும்பாலும் பிஓஇ (பாலியோல் எஸ்டர்) வகையை, பயன்படுத்த வேண்டும். எஞ்சின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரசர்களுக்கான சாதாரண பிஏஜி (பாலிஆல்கைலீன் கிளைக்கால்) எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் மின்காப்பு குறைந்து மின்கசிவு ஏற்படலாம்.