பச்சை விளக்கை நம்பி ரேக் கதவைச் சாத்தாதீர்கள்: மாடுலர் ஹப், ஸ்விட்ச் பொருத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெட்வொர்க் பெட்டியின் ஸ்லாட்டில் போர்ட் கார்டு உட்கார்ந்தாயிற்று. பச்சை விளக்கு எரிகிறது, பிங் (எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் சின்னச் செய்தி) அடித்தால் பதில் வருகிறது. சரி, வேலை முடிந்தது என்று ரேக் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். மூன்று வாரம் கழித்து ஃபோன் வரும்: "நெட்வொர்க் ரொம்ப ஸ்லோவா இருக்கு." அல்லது கரண்ட் போய் வந்த மறுநாள் காலையில்: "எதுவுமே வேலை செய்யல."

லிங்க் விளக்கு சொல்வது ஒரே ஒரு விஷயம்தான்: கேபிளின் இரண்டு முனையிலும் உயிருள்ள போர்ட் இருக்கிறது. டூப்ளெக்ஸ் (இரு முனையும் மாறி மாறிப் பேசினால் ஹாஃப், ஒரே நேரத்தில் பேசினால் ஃபுல்) பொருந்தியதா, பவர் போதுமா, பெட்டியை அணைத்துப் போட்டால் இதே நிலை திரும்புமா என்பதைப் பற்றியெல்லாம் அது வாயே திறக்காது. சாதாரண எட்டு போர்ட் பெட்டியில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஸ்லாட், கார்டு, இரண்டு பவர் சப்ளை, ஃபேன் தட்டு எனப் பல துண்டுகளைச் சேர்த்துக் கட்டும் மாடுலர் பெட்டியில் இன்று செய்த தவறு, இன்னொரு துண்டைத் தொடும் நாள்வரை சத்தமில்லாமல் காத்திருக்கும்.

கையில் இருப்பது ஹப்பா, ஸ்விட்ச்சா?

பேச்சில் எல்லாவற்றையும் ஹப் என்றுதான் சொல்கிறோம். அமைக்கும்போது அந்தக் குழப்பம் கூடாது. நிஜமான ஹப் ஒரு போர்ட்டில் வந்த சிக்னலை மற்ற எல்லாப் போர்ட்டிலும் அப்படியே திருப்பிவிடும்; ஸ்விட்ச் உரிய போர்ட்டைப் பார்த்து அனுப்பும். ஹப்பில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் மோதல். இருவரும் நிறுத்திவிட்டு மறுபடி முயல வேண்டும். அதனால் ஹப் என்றாலே ஹாஃப் டூப்ளெக்ஸ்தான். "வேகம் கூடட்டும்" என்று ஹப்பில் செருகிய கணினியை ஃபுல் டூப்ளெக்ஸில் கட்டிவைப்பவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கணினி அடுத்தவர் பேசுவதைப் பொருட்படுத்தாமல் நடுவில் புகுந்து பேசும். வேகம் கூடாது, குறையும்.

பழைய ஸ்லாட் வகை ஹப்பில் புதிய கார்டு போட்டால் போர்ட்தான் கூடும், அகலம் கூடாது. அதே 10 மெகாபிட்டை இன்னும் நிறையப் பேர் பங்குபோட்டுக்கொள்வார்கள். ஹப்களைச் சங்கிலியாகக் கோப்பதற்கும் எல்லை உண்டு. 10 மெகாபிட்டில் எந்த இரு கணினிகளுக்கு நடுவிலும் நான்கு ஹப்புக்கு மேல் வரக்கூடாது. 100 மெகாபிட்டில் விதி இன்னும் கடுமை: இரண்டாம் வகுப்பு ஹப் என்றால் இரண்டே இரண்டு, மொத்த நீளம் 205 மீட்டர், முதல் வகுப்பு என்றால் ஒன்றோடு சரி. இதை மீறினாலும் விளக்கு எரியும். தொலைவில் நடக்கும் மோதல் உரிய நேரத்தில் தெரியாமல் போய், தரவுதான் தொலையும்.

பழைய ஆலை இயந்திரங்கள், ஆய்வகக் கருவிகள் அருகில் இப்படிப்பட்ட பெட்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். கிகாபிட் என்று எழுதியிருந்தால் மட்டும் யோசிக்க வேண்டாம், அது ஸ்விட்ச்தான்.

ரேக்கில் ஏற்றும்போது

கார்டுகள் எல்லாவற்றையும் தரையிலேயே மாட்டிவிட்டு, பெட்டியை நான்கு பேர் சேர்ந்து தூக்குவது முதல் தவறு. அதைவிட மோசம், பவர் சப்ளையின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்குவது. அந்தப் பிடி அந்தத் துண்டை மட்டும் இழுக்கத்தான். முழு எடையைத் தாங்காது. காலிப் பெட்டியை ரேக்கின் அடிப்பகுதியில் ஏற்றி முறுக்கிவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகக் கார்டு போடுங்கள்.

காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்பதையும் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். சில பெட்டிகளில் முன்னிருந்து பின், சிலவற்றில் பக்கவாட்டில். பக்கத்துப் பெட்டி கக்கும் சூட்டை இது உள்ளே இழுக்கும்படி வைத்துவிட்டால் ஃபேன் என்ன சுற்றினாலும் பயனில்லை. காலி ஸ்லாட்டுகளின் மூடித் தகட்டைக் கழற்றி எறிந்துவிடுவதும் இதே கணக்குதான். அந்தத் தகடு தூசிக்காக மட்டும் வைத்ததில்லை. திறந்த வாய் இருந்தால் காற்று கார்டுகளுக்கு நடுவே போகாமல் அந்தக் குறுக்கு வழியில் ஓடிவிடும். வேலை செய்யும் கார்டு வெந்துகொண்டிருக்கும்.

இரண்டு பவர் சப்ளை வாங்கி இரண்டையும் ஒரே மின்பலகையில் செருகுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. அந்தப் பலகையின் சுவிட்சில் ஒரு கால் பட்டால் போதும். இரண்டும் வெவ்வேறு சர்க்யூட்டில் இருக்க வேண்டும். இன்னொன்று, பல பெட்டிகளில் இரண்டு சப்ளையையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறை, ஒன்றை மாற்றாக வைத்திருக்கும் முறை என இரண்டு அமைப்பு இருக்கும். சேர்த்துப் பயன்படுத்தும் முறையில் விட்டுவிட்டு, "ரெண்டு இருக்கே, ஒன்று போனால் என்ன" என்று இருப்பது ஆபத்து. ஒன்று போன நொடியில் பாதிக் கார்டுகள் அணைந்துவிடலாம்.

கேபிள் வழியே ஃபோன்களுக்கும் கேமராக்களுக்கும் மின்சாரம் கொடுப்பதாக இருந்தால் கணக்குப் போட்டே ஆக வேண்டும். 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரப்படி ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், 2009-இன் 802.3ஏடி-யில் 30 வாட். 48 போர்ட்டும் 15.4 வாட் இழுத்தால் 739 வாட் வேண்டும், 30 என்றால் 1,440 வாட். கார்டில் 48 போர்ட் இருக்கிறது என்பதால் 48 போர்ட்டுக்கும் மின்சாரம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இதற்காக 370 வாட் மட்டும் ஒதுக்கியிருந்தால் முழு அளவில் இழுக்கும் 24 சாதனங்களோடு முடிந்தது. 25-வது கேமரா கெட்டுப்போனதாக நினைத்துக் கடைக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

கார்டு செருகும் அந்த அரை நிமிடம்

இந்த அரை நிமிடத்தில் ஆகும் சேதத்தைச் சரிசெய்வதுதான் மிகக் கடினம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். முதலில் மணிக்கட்டுப் பட்டையை மாட்டி, அதன் கிளிப்பைப் பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் கவ்வ விடுங்கள். பெயின்ட் மேல் கவ்வினால் பட்டை கட்டியும் கட்டாத மாதிரிதான். நிலைமின்சாரம் சிப்பைச் சுட்டெரித்தால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். பலசமயம் அது சிப்பைக் காயப்படுத்தி மட்டும் விடும். கார்டு சில மாதம் ஓடி, காரணமே தெரியாமல் மக்கர் பண்ணும்.

கார்டின் முகப்பை ஒரு கையால் பிடித்து, அடியில் மறு கையால் தாங்குங்கள். சர்க்யூட்டில் விரல் படக்கூடாது. இரண்டு லீவர்களையும் முழுக்க வெளிப்பக்கம் விரித்துவிட்டு, கார்டின் இரு ஓரங்களும் வழிகாட்டித் தடத்துக்குள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்து, மெல்லத் தள்ளுங்கள். வழவழவென்று போகும். கடைசி ஒரு சென்டிமீட்டரில் நிற்கும்.

அங்கேதான் உள்ளங்கையால் ஓர் அடி விழும். வேண்டாம். இரண்டு லீவரையும் ஒரே நேரத்தில் உள்பக்கம் மடக்கினால் கார்டு நேராகப் போய் உட்காரும். ஒரு பக்கம் மட்டும் மடக்கினால் கோணிக்கொண்டு நுழையும். மடங்க மறுத்தால் கார்டை வெளியே எடுத்து, டார்ச் அடித்து உள்ளே இருக்கும் பேக்பிளேன் (கார்டுகளை எல்லாம் இணைக்கும் பின்பலகை) கனெக்டரைப் பாருங்கள். ஒரு பின் வளைந்திருந்தால் அந்த ஸ்லாட்டை அதோடு விட்டுவிடுங்கள். "கார்டில்தான் ஏதோ பிரச்சினை" என்று அடுத்த கார்டை அதே ஸ்லாட்டில் போட்டால் அதுவும் கெடும். பேக்பிளேனை மாற்றுவதென்றால் அநேகமாக முழுப் பெட்டியையும் மாற்றுவதுதான்.

ஓடும்போதே கார்டு மாற்றலாம் என்று கையேட்டில் இருந்தால் அது அவசரப்படலாம் என்பதற்கான அனுமதி ஆகாது. ஒரு கார்டைப் பெட்டி முழுதாக அடையாளம் கண்டபிறகே அடுத்ததைத் தொடுங்கள். ஃபேன் தட்டை உருவுவதாக இருந்தால் புதியது கையில் இருக்கட்டும். சில பெட்டிகள் சூடு ஏறத் தொடங்கியதும் தாமாகவே அணைந்துவிடும். புதிய கார்டு விளக்கே எரியாமல் கிடந்தால் அது பழுது என்று முடிவுகட்டுவதற்கு முன் மேலாண்மைக் கார்டின் (பெட்டி முழுவதையும் நடத்தும் கார்டு) மென்பொருள் பதிப்பைப் பாருங்கள். பழைய பதிப்புக்குப் புதிய கார்டு யாரென்றே தெரியாமல் இருக்கலாம்.

கேபிள்

செப்புக் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை. சுவருக்குள் ஓடுவது 90, இரு முனையிலும் உள்ள பேட்ச் கேபிள்கள் சேர்ந்து 10. முனையில் ஜோடியின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக்கூடாது. இதெல்லாம் பலருக்கும் தெரியும். தெரியாத ஒன்று, ஜோடி பிரிந்த கேபிள். 1-2 ஒரு ஜோடி, 3-6 ஒரு ஜோடி என்று போக வேண்டியதை, பார்க்க அழகாக இருக்கிறதென்று 1-2, 3-4, 5-6, 7-8 என வரிசையாகக் கட்டிவிடுவார்கள். இரு முனையிலும் ஒரே மாதிரி கட்டியதால் மலிவான டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். அது கம்பி தொடர்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. ஆனால் 3-உம் 6-உம் ஒன்றோடொன்று முறுக்கப்படாததால் வெளி இரைச்சலை எல்லாம் வாங்கிக்கொள்ளும். குட்டைக் கேபிளில் தப்பித்துவிடும், நீளம் கூடினால் பிழைகள் கொட்டும்.

ஃபைபரில் இரண்டு விஷயம். முனையைத் துடைக்காமல் செருகாதீர்கள். 80 கிலோமீட்டருக்கான ஒளி மாடுலை ஐந்து மீட்டர் கேபிளில் நேராகப் போடாதீர்கள். எதிர்முனை ரிசீவர் ஒளி தாங்காமல் கெட்டுவிடலாம். வெளிச்சம் வருகிறதா என்று கண்ணால் எட்டிப் பார்ப்பது எந்தக் காலத்திலும் கூடாது, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியவும் தெரியாது.

கான்ஃபிக்

டூப்ளெக்ஸ் பொருந்தாமல் போவதுதான் "ஸ்லோ" புகார்களில் எனக்கு முதல் சந்தேகம். ஒரு பக்கம் யாரோ 100 ஃபுல் என்று கையால் கட்டியிருப்பார், மறுபக்கம் ஆட்டோவில் (எதிர்முனையைக் கேட்டுத் தானே முடிவெடுக்கும் முறை) இருக்கும். ஆட்டோ பக்கம் கேள்வி கேட்டுப் பார்க்கும், பதில் வராது. சிக்னலை வைத்து வேகம் 100 என்று கண்டுபிடித்துவிடும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லை. தரம் சொல்கிறபடி ஹாஃப் என்று எடுத்துக்கொள்ளும். ஒருவர் கேட்டுக் கேட்டுப் பேச, மற்றவர் இஷ்டத்துக்குப் பேசுவார். பிங் ஒழுங்காகப் போகும், ஏனென்றால் அது சின்னது, ஒவ்வொன்றாகப் போகிறது. பெரிய ஃபைலை நகலெடுத்தால் நத்தை. ஹாஃப் பக்கத்தில் லேட் கொலிஷன் (தாமதமாக நடந்த மோதல்), ஃபுல் பக்கத்தில் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த தரவு) எண்ணிக்கை ஏறினால் வேறு எங்கும் தேட வேண்டாம். இரு பக்கமும் ஆட்டோ, அல்லது இரு பக்கமும் கையால்; ஒன்றைக் கட்டி ஒன்றை விடுவது மட்டும் ஆகாது. செப்பில் கிகாபிட் என்றால் ஆட்டோவை அணைக்கவே கூடாது.

அடுத்தது நானே செய்த தவறு. கணினிகளுக்குக் காலையில் ஐபி முகவரி கிடைக்கத் தாமதமாகிறது என்றார்கள். பழைய ஸ்பானிங் ட்ரீ (தரவு சுற்றிச் சுற்றி வரும் லூப்பைத் தடுக்கும் ஏற்பாடு) ஒரு போர்ட்டைத் திறப்பதற்கு 15 நொடி கேட்கும், 15 நொடி கற்கும், ஆக 30 நொடி. சரி, தொல்லை ஒழியட்டும் என்று ஸ்பானிங் ட்ரீயையே அணைத்தேன். சில மாதம் கழித்து அதே இடத்தில் ஒரு புதிய கார்டு போட்டேன். அன்று மதியம் எல்லா போர்ட் விளக்கும் ஒரே தாளத்தில் வெறிபிடித்த மாதிரி மினுக்க, மொத்த நெட்வொர்க்கும் விழுந்தது. காலையில் போட்ட கார்டு மேல்தான் சந்தேகம். இரண்டு முறை கழற்றி மாட்டினேன். இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு மேசைக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த கேபிளின் மறுமுனையை யாரோ நல்ல எண்ணத்தில் சுவரில் இருந்த காலி சாக்கெட்டில் செருகியிருந்தது தெரிந்தது. ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண் உண்டு, அதைச் சுமந்து செல்லும் ஈதர்நெட் ஃப்ரேமுக்குக் கிடையாது. லூப்பில் விழுந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். கணினி செருகும் போர்ட்களை மட்டும் எட்ஜ் போர்ட் என்று குறித்து, பிபிடியூ கார்டு (BPDU guard; செருகும் கார்டு இல்லை) என்ற காவலையும் போட்டிருந்தால் ஐபியும் உடனே கிடைத்திருக்கும், லூப் ஆன போர்ட்டும் தானே மூடிக்கொண்டிருக்கும்.

ஸ்பானிங் ட்ரீயை ஓட விட்டாலும் யார் தலைவர் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். முன்னுரிமை எண் குறைந்த பெட்டிதான் தலைவர், ஆனால் எல்லாப் பெட்டியிலும் அந்த எண் 32768 என்றே வரும். சமமாக இருந்தால் மேக் முகவரி (தயாரிக்கும்போதே பதித்த எண்) குறைந்ததுதான் ஜெயிக்கும். மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய குட்டி ஸ்விட்ச் மொத்தப் போக்குவரத்துக்கும் நடுநாயகமாகிவிடும். பெரிய பெட்டிக்கு 4096 கொடுத்தால் தீர்ந்தது.

மாடுலர் பெட்டிக்கே உரிய ஒரு பொறி: கான்ஃபிக் (பெட்டியில் அடித்துவைத்த அமைப்புகள்) ஸ்லாட் எண்ணோடு ஒட்டியது, கார்டோடு ஒட்டியதல்ல. மூன்றாம் ஸ்லாட் கார்டை ஐந்தாம் ஸ்லாட்டுக்கு நகர்த்தினால் வீலேன் (போர்ட்களைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் அமைப்பு) எதுவும் கூடவே வராது. மேலாண்மைக் கார்டை வேறு இடத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்தால் பழைய இடத்துக் கான்ஃபிக், பாஸ்வேர்டு எல்லாம் அதிலேயே உட்கார்ந்திருக்கும். நெட்வொர்க்கில் சேர்ப்பதற்கு முன் தனியாக ஓடவிட்டு அழித்துவிடுங்கள். கன்சோலில் (பெட்டியோடு நேரடியாகக் கேபிள் போட்டுப் பேசும் திரை) எழுத்துக்குப் பதில் கிறுக்கல் வந்தால் பெரும்பாலும் வேகம்தான் தவறு. 9600-இல் தொடங்கிப் பாருங்கள்.

அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிக் வேறு, சேமித்த கான்ஃபிக் வேறு. பல பெட்டிகளில் நீங்கள் அடித்தது உடனே வேலை செய்யும், ஆனால் அணைத்தால் அழியும் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். சேமித்தேனா என்று நினைவிலிருந்து பதில் சொல்லாமல் பெட்டியையே கேளுங்கள்: ஒரு பவர் கேபிளை உருவிப் பாருங்கள், கார்டுகள் நிற்கின்றனவா? மாட்டிவிட்டு மற்றதை உருவுங்கள். பிறகு இரண்டையும் உருவி, முழுதாக அணைந்து எழட்டும். எத்தனை நிமிடத்தில் எழுகிறது, எந்தப் போர்ட் திரும்பவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிழை எண்ணிக்கைகளைப் பூஜ்யமாக்கிவிட்டு மறுநாள் வந்து ஒருமுறை பாருங்கள். சீரியல் எண் ஒட்டிய பின்பக்கத்தை மட்டும் ரேக்கில் ஏற்றும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். ஏற்றியபின் அதைப் படிக்கக் கண்ணாடியும் டார்ச்சும் ஒல்லியான ஓர் ஆளும் வேண்டும்.