ஸ்விஃப்ட் சஸ்பென்ஷனில் கை வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. இந்த மாதிரிப் பாதையில் மாருதி ஸ்விஃப்ட் ஓட்டியவர்களுக்கு, கம்பெனியிலிருந்து வரும்போதே அது வளைவுகளில் நன்றாகத் திரும்பும் வண்டி என்பது தெரியும். அதை இன்னும் கொஞ்சம் கூர்மையாக்கலாமே என்ற ஆசை வருவதும் இயல்புதான். ஆனால் நிறைய பேர் காசைக் கொட்டிவிட்டு, பழையதை விட மோசமாக ஓடும் வண்டியோடு வீட்டுக்கு வருகிறார்கள். பார்க்க வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் செய்வது கிட்டத்தட்ட அதே தவறுகளைத்தான்.

முதல் தவறு, தேய்ந்ததை மாற்றாமல் அதன்மேல் புதியதை மாட்டுவது. 60,000, 70,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஷாக் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் உருளை) தளர்ந்திருக்கும், சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ் (ரப்பர் உருளை) வெடித்திருக்கும், வளைவில் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் கடகடவென்று ஆடும். அந்த வண்டி வளைவில் தடுமாறுவது கம்பெனி ஸ்பிரிங் மென்மையாக இருப்பதால் அல்ல. புஷ், லோயர் ஆர்ம் முனையிலுள்ள பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மவுண்ட், ஷாக் எல்லாவற்றையும் தரமான ஒரிஜினல் பாகமாகவே மாற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ‘மாடிஃபிகேஷன்’ என்று நினைத்ததில் பாதி அதிலேயே கிடைத்துவிடும்.

டயரும் அப்படித்தான். பக்கச் சுவரில் வாரத்தையும் வருடத்தையும் சொல்லும் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் (டயரின் மேல் வரி) நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய ரப்பர் இறுகி, பிடி குறைந்திருக்கும். காற்றும் கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுதான். எல்லா வண்டிக்கும் 35 என்று அடித்து விடுபவரிடம் ஸ்டிக்கரைக் காட்டி அடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, ஸ்பிரிங்கை வெட்டுவது. இதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். ஐந்து சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் மீதி நாலு சுற்று 25 சதவீதம் கெட்டியாகிவிடும். அந்தக் கெட்டித்தன்மைக்கு ஏற்ற ஷாக் உங்கள் வண்டியில் இல்லை. அறுத்த முனை ஸ்பிரிங் சீட்டில் சரியாக உட்காராது. பெரிய பள்ளத்தில் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது நீளம் போதாமல் ஸ்பிரிங் இடம் மாறினால், அடுத்த நொடி சக்கரம் மேலே வரும்போது என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுற்றுகளுக்கு நடுவே செருகும் பஃபர் ரப்பரும் நல்லதல்ல. சில சுற்றுகளை அது வேலை செய்ய விடாமல் பூட்டிவிடுகிறது, அவை அமுங்க வேண்டிய அளவும் சேர்ந்து மற்ற சுற்றுகளின் மேல் விழுகிறது.

சரி, வெட்டாமல் நல்ல லோயரிங் ஸ்பிரிங் வாங்கிப் போட்டால்? அதிலும் எவ்வளவு இறக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்ல ஹேண்ட்லிங் என்று பலர் நம்புகிறார்கள். ஸ்விஃப்டின் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட். வண்டியை இறக்க இறக்க லோயர் ஆர்மின் சக்கரப் பக்க முனை மேல்நோக்கி ஏறும். அப்போது வண்டியின் எடை மையம் இறங்குவதை விட வேகமாக ரோல் சென்டர் (வளைவில் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் வளைவில் பாடியைச் சாய்க்கும் நெம்புகோல். அது நீண்டுவிடுவதால், தாழ்த்திய வண்டியைச் சாயாமல் பிடிக்க இன்னும் கெட்டியான ஸ்பிரிங் தேவைப்படுகிறது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் மாறுவதால், மேடு பள்ளத்தில் ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் லேசாகத் திரும்பும். மலை ரோட்டில் பிரேக் பிடித்துக்கொண்டு வளையும்போது இது நல்ல அனுபவமல்ல.

அதோடு, மேலும் கீழும் அசைய மிச்சமிருக்கும் தூரம் சுருங்கிவிடும். வளைவில் வெளிப்பக்க முன் சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் (கடைசித் தடுப்பு ரப்பரில்) போய் முட்டினால், அந்தக் கணத்தில் சஸ்பென்ஷன் கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடுகிறது. முன் டயர் பிடி விட்டு வண்டி வெளியே ஓடும்.

நம் ரோட்டுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 2018 மாடல் ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மிமீ. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி போட்ட ஸ்பீடு பிரேக்கரே 100 மிமீ உயரம். ஊருக்குள் விதியைப் பார்க்காமல் போட்டவை அதையும் தாண்டும். 40 மிமீ இறக்கினால் மிஞ்சுவது 123. நாலு பேரும் பெட்டியும் ஏறினால் அதிலும் குறையும். தினமும் ஓட்டும் வண்டிக்கு 20, 25 மிமீக்கு மேல் இறக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதையும் அந்த ஸ்பிரிங்குக்குப் பொருந்தும் ஷாக்கோடு சேர்த்தே செய்யுங்கள். புது ஸ்பிரிங், பழைய ஷாக் என்று போனால் ஷாக் சீக்கிரமே போய்விடும். அதுவரை வண்டி துள்ளிக்கொண்டே இருக்கும்.

கழுத்தில் மரையும் அதில் சுற்றும் காலரும் வைத்த காயில்ஓவர் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த) செட் வாங்குபவர்கள் அந்தக் காலரை இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று நினைக்கிறார்கள். எவ்வளவு அமுங்கினாலும் கெட்டித்தன்மை மாறாத சாதாரண நேர் ஸ்பிரிங்கில் அப்படி நடக்காது. வண்டியின் எடை அதேதான், ஸ்பிரிங் அமுங்கும் அளவும் அதேதான். வண்டி உயரும், சக்கரம் கீழே இறங்க இருந்த இடம் குறையும், அவ்வளவே. ஷாக்கின் அடக்கும் விசையை மாற்றும் டாம்பிங் திருகை முழுக்க ‘ஹார்டு’ பக்கம் வைப்பதும் தவறு. அடுத்தடுத்து மேடு வந்தால் சக்கரத்துக்குத் திரும்பி இறங்க நேரம் கிடைக்காது. டயர் ரோட்டைத் தொடாமல் இருக்கும் ஒவ்வொரு நொடியும் பிடி இல்லாத நொடி. நடு அளவில் தொடங்கி, முன்பக்கம் ஒரு கிளிக், பின்பக்கம் ஒரு கிளிக் என்று போங்கள்.

இப்போது மாட்டும் வேலை. விலை உயர்ந்த பாகங்கள் வீணாவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்ட்ரட்டின் மேல் நட்டைக் கழற்றும்போது ராட் சேர்ந்து சுற்றும். அவசரத்தில் சிலர் பளபளக்கும் அந்த ராடையே கிரிப் பிளையரால் கடித்துப் பிடிக்கிறார்கள். அதில் ஒரு கீறல் விழுந்தால் போதும், ராட் உள்ளே வெளியே போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கீறல் ஆயில் சீலை அறுக்கும். கொஞ்ச நாளில் புது ஷாக்கில் எண்ணெய் வடியும். ராடின் தலையைப் பிடிக்க அதற்கான டூல் இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் அந்த நட்டைத் தொடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் பாய்ந்தால் கையோ முகமோ போய்விடும்.

இன்னொன்று, பல மெக்கானிக்குகளே கவனிக்காதது. வண்டி லிஃப்ட்டில், சக்கரம் தொங்கும் நிலையில் லோயர் ஆர்ம் போல்ட்டை முழுதாக முறுக்கிவிடுவார்கள். புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயைப் போல்ட் இறுகப் பிடித்துவிடும். அதன்மேல் ஒட்டிய ரப்பர் வழுக்காது, முறுக்கிக்கொள்ள மட்டுமே செய்யும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். பள்ளத்தில் இன்னும் முறுக்கிக் கிழியும். போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு முறுக்கும் ஸ்பேனர்) வைத்துக் கடைசி முறுக்கு கொடுக்கச் சொல்லுங்கள். பின் ஆக்சில் புஷ்ஷுக்கும் இதே முறைதான்.

வீல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 185/65 ஆர்15 டயரின் (மிமீயில் அகலம், அதில் பக்கச் சுவர் எத்தனை சதவீதம், இஞ்ச்சில் ரிம்) மொத்த உயரம் சுமார் 621 மிமீ, 195/55 ஆர்16 டயரும் கிட்டத்தட்ட அதேதான். 16 இஞ்ச் வரை போவதில் தப்பில்லை. 205/45 ஆர்17 போட்டால் பக்கச் சுவர் 120 மிமீயிலிருந்து 92 மிமீக்கு இறங்கிவிடும். பள்ளத்தில் விழும்போது அலாய் வளையும், டயர் புடைக்கும். கனமான வீல் ஷாக்கின் வேலையையும் கூட்டும். அழகுக்கு என்றால் உங்கள் விருப்பம், ஹேண்ட்லிங்குக்கு என்றால் இலகுவான 15 இஞ்ச் வீலும் நல்ல டயரும் போதும்.

முன்பக்கத்துக்குத் தடித்த ஸ்டெபிலைசர் பார் வாங்குவதும் யோசிக்க வேண்டியது. எடையில் பெரும்பகுதி முன்னால் இருக்கும் முன்சக்கர இழுவை வண்டி இது. முன்னால் கெட்டியாக்கினால் வளைவில் மூக்கு இன்னும் வெளியே ஓடும். பின்பக்கம் இரு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீமுக்குப் பொருந்தும் பார் போட்டால் வண்டி உள்ளே திரும்பும், ஆனால் ஈர ரோட்டில் வால் சீக்கிரம் வழுக்கும். எனவே அதையும் அளவோடு போடுங்கள்.

ஸ்ட்ரட்டைக் கழற்றினாலே அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிபார்ப்பது) கட்டாயம். ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கரம் மாட்டும் இரும்புத் துண்டு) சேர்க்கும் இரண்டு போல்ட்டின் ஓட்டையில் உள்ள இடைவெளியே கேம்பரை (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) மாற்றப் போதும். பின் சக்கரத்தில் அட்ஜஸ்ட் செய்ய வழியில்லை என்றாலும் அளந்து பிரிண்ட் வாங்குங்கள். அளவு தப்பாக இருந்தால் பீம் வளைந்திருக்கலாம். ஸ்பிரிங் உட்கார்ந்து செட்டாக 500 கிலோமீட்டராவது ஆகும், அதன் பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் மாற்றுவது ஆபத்து, விபத்து நேரத்தில் கிளெய்ம் சிக்கலாகும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. பெரிய மாற்றம் என்றால் ஆர்டிஓ அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டாதீர்கள். ஷாக், ஸ்பிரிங், பார், வீல் நாலும் சேர்ந்து மாறினால், வண்டி துள்ளுவது எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரு தடவை, டயர் ஒரு தடவை, பார் தேவைப்பட்டால் கடைசியில். ஒவ்வொன்றுக்கும் பிறகு நன்றாகத் தெரிந்த அதே ரோட்டில், அதே காற்றழுத்தத்தில் ஓட்டுங்கள். 1,000 கிலோமீட்டர் ஆனதும் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி வைத்து, முன் டயரின் உள் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். வெளி விளிம்பை விட அங்கே அதிகம் தேய்ந்திருந்தால் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) அல்லது கேம்பர் தப்பாக இருக்கலாம், அன்றே அலைன்மென்ட்டுக்குப் போய்விடுங்கள்.