கடிகார மாற்றம் வேண்டாமா? முதலில் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்

ஐரோப்பா, அமெரிக்கா போன்ற இடங்களில் வருடத்துக்கு இரண்டு முறை, வசந்த காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி (கோடை நேரம்), இலையுதிர் காலத்தில் மீண்டும் பின்னே தள்ளும் (குளிர்கால நேரம்) வழக்கத்தை ஒழிக்கலாமா என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் சட்டென்று "ஒழிக்கணும்" என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். 14 வருடமாக இரவு ஷிப்ட் பார்க்கும் நர்ஸ் நான். ஆனால் அது பாதிப் பதில்தான். ஒழித்துவிட்டு எந்த நேரத்தில் நிற்பது, கோடை நேரத்திலா, குளிர்கால நேரத்திலா? பேச்சு எப்போதும் இங்கே வந்துதான் முட்டிக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் மக்களிடம் கருத்துக் கேட்டபோது 46 லட்சம் பேர் பதில் அனுப்பினார்கள். அவர்களில் 84 சதவீதம் பேர் மாற்றம் வேண்டாம் என்றார்கள். 2021இல் நிறுத்திவிடலாம் என்று ஐரோப்பிய நாடாளுமன்றமும் 2019 மார்ச்சில் வாக்களித்தது. உறுப்பு நாடுகளின் அரசுகளுக்குள் ஒத்துவராததால் அது அப்படியே நின்றுபோனது.

அதனால் நீங்கள் இருக்கும் இடத்தில் இந்தப் பேச்சு எழும்போது, கருத்துச் சொல்வதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு தாளில் மூன்று கட்டம் கிழியுங்கள். முதல் கட்டத்தில் இரண்டு தேதி: ஜனவரி முதல் வாரத்தில் ஒன்று, ஜூன் 21 ஒன்று. இரண்டாவது கட்டத்தில் குளிர்கால நேரப்படி, அதாவது உங்கள் ஊரின் நிலையான நேரப்படி, சூரியன் உதிக்கும் நேரமும் மறையும் நேரமும். மூன்றாவதில் அதோடு ஒரு மணி நேரம் கூட்டிய கோடை நேரம். தென்கோளத்தில் இருப்பவர்களுக்கு ஜனவரிதான் கோடை, ஜூன்தான் குளிர்காலம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பலரும் தவறுவது எங்கே என்றால், கோடை மாதத்துக்கு இணையத்தில் கிடைக்கும் உதய நேரம் ஏற்கெனவே ஒரு மணி நேரம் கூட்டப்பட்டதாக இருக்கும். அதை அப்படியே மூன்றாவது கட்டத்தில் எழுதி, அதிலிருந்து ஒரு மணி நேரத்தைக் குறைத்து இரண்டாவதில் எழுத வேண்டும். குளிர்கால மாதத்துக்கு நேர்மாறு.

லண்டனுக்குப் போட்டுக் காட்டுகிறேன். புத்தாண்டை ஒட்டி அங்கே காலை 8:06க்குச் சூரியன் உதிக்கிறது. வருடம் முழுக்கக் கோடை நேரம் என்றால் அது 9:06. ஜூன் 21இல் இப்போது 4:43க்கு விடிகிறது. வருடம் முழுக்கக் குளிர்கால நேரம் என்றால் 3:43. ஒரு பக்கம் ஒன்பது மணிக்கும் இருட்டு, மறுபக்கம் தூங்குகிறவர் முகத்தில் வெயில். இரண்டிலும் சிரமம் உண்டு. எந்தச் சிரமத்தைத் திரைச்சீலை போட்டுச் சமாளிக்க முடியும், எதை முடியாது என்பதுதான் கேள்வி.

அடுத்து, உங்கள் வீட்டு நேரங்களை அந்தத் தாளிலேயே குறியுங்கள். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவது, நீங்கள் வேலைக்குப் போவது, வீடு திரும்புவது. நான் ஷிப்ட் முடிந்து வரும்போது என் மகள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். ஜனவரியில் அந்த நேரத்துக்கு வானம் அப்போதுதான் சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கும். தெருமுனையில் அவள் திரும்பும்வரை, அவள் பையில் நான் தைத்துக் கொடுத்த ஒளிர் பட்டை மட்டும்தான் எனக்குத் தெரியும். கோடை நேரத்திலேயே நின்றுவிட்டால் அந்த நடை முழு இருட்டில். என் தாளில் இந்த ஒரு வரியைத்தான் சிவப்பில் எழுதியிருக்கிறேன்.

இது என் பயம் மட்டும் இல்லை. அமெரிக்கா 1974 ஜனவரியில் வருடம் முழுக்கக் கோடை நேரம் என்று வைத்துப் பார்த்தது. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போவதைப் பார்த்த பெற்றோர் கொதித்தார்கள். அக்டோபருக்குள் அதைக் கைவிட்டார்கள். பிரிட்டன் 1968 முதல் 1971 வரை முயன்று பார்த்துவிட்டு விட்டது. ரஷ்யா 2011இல் கோடை நேரத்தில் நின்று, 2014இல் குளிர்கால நேரத்துக்கு மாறிக்கொண்டது. துருக்கியோ 2016 முதல் கோடை நேரத்திலேயே இருக்கிறது. மாலை வெளிச்சம் வேண்டும் என்பவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. வேலை முடிந்து வந்து பிள்ளையோடு அரை மணி நேரம் பந்து விளையாட யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் நம் உடம்புக் கடிகாரத்தைச் சரிப்படுத்துவது காலை வெளிச்சம். அமெரிக்காவின் தூக்க மருத்துவ அகாடமி 2020இல் நிலையான நேரமே வருடம் முழுக்க வேண்டும் என்று சொன்னதும் இதனால்தான்.

மின்சாரம் மிச்சம் என்று யாராவது சொன்னால் அதிக நேரம் வாதாட வேண்டாம். 1916இல் போர்க்காலத்தில் நிலக்கரியை மிச்சம் பிடிக்க ஜெர்மனி தொடங்கியது உண்மைதான். ஆனால் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் முழுவதும் 2006இல் இந்தக் கடிகார மாற்றத்துக்கு மாறியபோது, வீட்டு மின்கட்டணங்களை ஆராய்ந்தவர்கள் செலவு ஒரு சதவீதம் போலக் கூடியதைத்தான் கண்டார்கள். விளக்கில் மிச்சமானதை ஏசி சாப்பிட்டுவிட்டது.

சரி, கணக்கு முடிந்தது. உங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கு எழுதும்போது "மாற்றத்தை நிறுத்துங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். "மாற்றத்தை நிறுத்தி, இந்த நேரத்தில் நில்லுங்கள்" என்று எழுதுங்கள். கூடவே தாளில் உள்ள இரண்டு எண்கள், அவை உங்கள் வீட்டில் யாரைத் தொடும் என்று ஒரு வரி. ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

சட்டம் மாறும்வரை அந்த இரண்டு ராத்திரிகளும் வந்துகொண்டுதான் இருக்கும். வீட்டில் மணி பார்த்து மருந்து சாப்பிடுகிறவர் இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். இலையுதிர் காலத்தில் என் 12 மணி நேர ஷிப்ட் 13 ஆகிவிடும். 1:30 இரண்டு முறை வரும். நாங்கள் குறிப்பேட்டில் "முதல் 1:30", "இரண்டாவது 1:30" என்று பிரித்து எழுதுவோம். அதைவிட ஆபத்து வசந்த கால ராத்திரி. 12:40க்கு வலி மாத்திரை கொடுத்திருக்கிறோம், நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கடிகாரம் 4:40 காட்டும்போது உண்மையில் மூன்று மணி நேரம்தான் ஆகியிருக்கும். ஒருமுறை வலியில் துடித்த ஒரு பெரியவர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி "நேரமாச்சேம்மா" என்று கெஞ்ச, மாத்திரையைக் கையில் எடுத்துவிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் அந்த ராத்திரி மட்டும் மணியை நம்ப வேண்டாம். மாத்திரை கொடுத்ததும் போனில் நான்கு மணி நேரத்துக்கு டைமர் வையுங்கள். அலாரம் இல்லை, டைமர். அலாரம் கடிகாரத்தோடு சேர்ந்து தாவிவிடும். டைமர் போன நிமிடங்களைத்தான் எண்ணும்.